கியரில் நின்ற கார்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று காய்ச்சலும் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டதை எழுதவில்லை. அந்த மாலை அந்தக் காருக்குள் நான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது முட்டுச் சந்து. கடைசி வீடு எங்களுடையது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் நெடுக ஒரு கிடங்கின் மதில். தெரு வாய் மெயின் ரோட்டில் திறக்கிறது. வாயை நோக்கிப் போகப் போக மேடு. தெருவில் ஒரு பந்தை வைத்தால் எங்கள் வாசலுக்கு உருண்டு வரும். வெளியே போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வீட்டிலும் வண்டி நிறுத்த இடம் கிடையாது. எல்லாம் தெருவில்தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை நிறுத்துகிறவர் கியரில் விடக் கூடாது, ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. நியூட்ரலில் விட்டு, பின்சக்கரத்துக்கு அடியில் அரைச் செங்கல் ஒன்றைச் சொருகிவிட்டுப் போக வேண்டும். வழி வேண்டியவர் வண்டியைத் தள்ளி நிறுத்தி, செங்கல்லைத் திரும்ப வைத்துவிடுவார். யாரும் யார் வீட்டு மணியையும் அடிக்க வேண்டியதில்லை. வருடக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

என் மனைவி தள்ளுவதில் கெட்டிக்காரி. கையால் தள்ள மாட்டாள். திரும்பி நின்று, டிக்கியில் முதுகைக் கொடுத்து, காலை ஊன்றிப் பின்பக்கமாக நடப்பாள். "கையால தள்ளுனா கைதான் வலிக்கும். முதுகு குடுத்தா வண்டி பேச்சு கேக்கும்" என்பாள். 'ம்ம்… ம்ம்…' என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும். முகம் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் நான் கூடவே நடந்து, போதும் என்கிற இடத்தில் விரல் முட்டியால் வண்டியை இரண்டு தட்டுத் தட்டுவேன். டொக், டொக். நின்றுவிடுவாள். தெருவில் எல்லோருக்கும் அதுதான் சைகை.

"முதுகு ஒடியறது எனக்கு, தட்டிட்டு நல்ல பேர் உனக்கு" என்பாள்.

எங்களுக்கு நான்கு வீடு தள்ளி பிளைவுட் மாமா. சொந்தம் ஒன்றும் இல்லை. பிளைவுட் கடை வைத்திருந்தார், தெரு முழுக்க அவரை மாமா என்றது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கடையை விற்றுவிட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். அதில் எங்கும் போனதில்லை. துடைப்பார், அவ்வளவுதான். சீட்டில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு நாள் பம்பரில் ஒரு கீறல் தெரிந்தது. அன்றிலிருந்து கியர், ஹேண்ட்பிரேக், அலாரம். வீட்டுச் சுவரோரம் பூந்தொட்டிகள் இருந்ததால் வண்டியைச் சுவரை ஒட்டியும் நிறுத்த மாட்டார். தெருவுக்குள் தள்ளித்தான் நிறுத்துவார்.

என் மனைவி கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, நியூட்ரல்ல விடுங்க மாமா. ஒரு அவசரம்னா என்ன பண்றது?"

"என் வண்டி மேல கை வைக்கணும்னா என்னைக் கேக்கணும்மா. இது என்ன ஊர் மாடா, போறவன் வர்றவன்லாம் பத்திட்டுப் போக?"

"சரி, அந்தத் தொட்டியவாவது உள்ள எடுத்து வைங்க. கொஞ்சம் வழி கிடைக்கும்."

"தொட்டி இருக்கட்டும். நீ கொஞ்சம் இளைச்சா வழி தானா கிடைக்கும்."

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது இளைக்க இன்னும் நாலு மாசம் ஆகும் மாமா."

ஆகவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு மாலை, சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது ரத்தம் போக ஆரம்பித்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெரு வாய் வரை வந்தது. நடுவில் மாமாவின் கார். மாமா வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சாவி அவர் சட்டைப் பையில். போன் அடித்தது, எடுக்கவில்லை. தள்ளிப் பார்த்தோம். அலாரம் கத்தியது, கார் அசையவில்லை. ஸ்ட்ரெச்சர் மதிலுக்கும் காருக்கும் நடுவில் நுழையவில்லை. மறுபக்கம் தொட்டிகள், இன்னும் குறுகல்.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அளவெடுப்பது என் பிழைப்பு. பிறகு ஒரு நாள் டேப் வைத்து அளந்தேன். இடைவெளி இருபத்தோரு அங்குலம். ஸ்ட்ரெச்சர் இருபத்திரண்டு.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாற்காலியும் காருக்கும் மதிலுக்கும் நடுவில் சிக்கியது. இழுத்தோம். அவள் கையை நீட்டி டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினாள். டொக், டொக். போதும் என்று.

இறக்கி வைத்தோம். அங்கேயே, அந்த டிக்கிக்குப் பின்னால், அவள் போய்விட்டாள். உள்ளே இருந்தவளும். பெண் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மாமா கல்யாணச் சாப்பாடு முடித்துத் திரும்பியதும் டார்ச் அடித்து முதலில் காரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மனசைத் தேத்திக்க தம்பி. டோர்ல ஒரு கோடு விழுந்திருக்கு. நாற்காலிக் கால் பட்டிருக்கும் போல. பரவால்ல, இந்த நேரத்துல நான் அதெல்லாம் கேக்க மாட்டேன்."

இரண்டு மாதம் கழித்துக் கேட்டார்.

காரை அதே இடத்தில்தான் நிறுத்தினார். கியரில். வேலைக்குப் போவேன், அதன் பக்கமாக ஒருக்களித்து நடந்து வீட்டுக்கு வருவேன். ஒரு வருடம் ஆகப் போகிற சமயத்தில் அது ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை கார் ஒரு முழம் முன்னால் நின்றது. மேட்டை நோக்கி. தரையில் ரப்பர் தேய்ந்த இரண்டு கறுப்புக் கோடுகள். சக்கரம் உருளவே இல்லை. இழுபட்டிருந்தது.

மாமா என் வீட்டு கேட்டை உதைத்தார்.

"என்ன தம்பி, பழி வாங்குறியா?"

"கியர்ல இருக்கிற வண்டியை எப்படி மாமா தள்றது?"

"ஜாக்கி வெச்சிருப்ப."

எலக்ட்ரீஷியன் அண்ணன் பல் குச்சியோடு வந்து குனிந்து கோட்டைப் பார்த்தார். "மாமா, ஜாக்கி வண்டியைத் தூக்கும். வாக்கிங் கூட்டிட்டுப் போகாது."

"நீ சும்மா இருப்பா. ஈ உக்காந்தாலே கத்துற அலாரம். நேத்து ஏன் கத்தல? வயர நீதான் புடுங்கியிருப்ப."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டிக்கியைப் பார்த்தேன். தூசு படிந்திருந்தது. நடுவில் மட்டும் இரண்டு இடங்களில் தூசு துடைத்தெடுத்தது போல் இருந்தது. அகலமாக, பக்கம் பக்கமாக.

இரண்டு தோள்பட்டைகள்.



அடுத்த நாளும் நகர்ந்தது. அதற்கு அடுத்த நாளும். எப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில், யாரும் பார்க்காதபோது. அவள் போன நேரம் அது. ஒவ்வொரு முறையும் மாமா வண்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இன்னும் இறுக்கமாக ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, என் வீட்டைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போவார்.

நான்காம் நாள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கு நானே உள்ள உக்காரப் போறேன். நீயும் வா. என் கண்ணு முன்னாடியே இரு. அப்புறம் எவன் தள்றான்னு பாப்போம்."

"நான் வரல மாமா."

"ஏன், பயமா? பொண்டாட்டி பேரைச் சொல்லி தெருவையே அழ வெச்சியே, இதுக்கும் வந்து அழு."

போனேன்.

மாமா முன்னால், ஸ்டியரிங் பிடித்து. நான் பின்சீட்டில். பிளாஸ்டிக் உறை நான் அசையும்போதெல்லாம் நொறுங்குவதுபோல் சத்தம் போட்டது. கண்ணாடிகளை ஏற்றியிருந்தார். உள்ளே அவர் போட்டிருந்த வாசனை டப்பாவின் நெடி.

"பாத்துக்க. இது கியர். இது ஹேண்ட்பிரேக்." கர்ரக் என்று மேலே இழுத்தார். "சாவி என் கையில."

6.20. தெரு விளக்கு எரிந்தது. தெருவில் யாரும் இல்லை.

6.26. மாமா கொட்டாவி விட்டார். "உன் வேலைன்னு எனக்குத் தெரியும்பா. நீ உள்ள இருந்தா வண்டி வெளிய எப்படி நகரும்?" என்று சிரித்தார்.

6.31.

டிக்கி தாழ்ந்தது.

கொஞ்சம்தான். யாரோ முதுகு சாய்த்தால் தாழுமே, அவ்வளவு.

மாமாவின் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடிக்கு அப்பால் தெரு. அதன் கடைசியில் என் வீடு. வாசல் விளக்கு. வேறு யாரும் இல்லை…

"ம்ம்…"

காதில் கேட்கவில்லை. தகரத்தின் வழியாக, சீட்டின் வழியாக, என் முதுகில் கேட்டது.

"ம்ம்…"

சர்ர்ர்ர்ர்…

கார் நகர்ந்தது.

"யாருடா அது!" மாமா பிரேக்கை மிதித்தார். ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். கார் நகர்ந்துகொண்டே இருந்தது. மேட்டை நோக்கி. அலாரம் கத்தவில்லை.

அப்போது இன்னொரு சத்தமும் கேட்டது. கீழே, நம்பர் பிளேட் பக்கம்.

தப்…

தப் தப்…

தாளம் இல்லாமல். ஈரக் கையால் பாத்திரத்தைத் தட்டுவதுபோல். அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என் கை தானாகப் போனது. பழக்கம். பின்கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினேன்.

டொக், டொக்.

நின்றுவிட்டது.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக அந்தத் தெருவில் இருப்பவர். யார் தள்ளினால் யார் தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் உதடு உலர்ந்திருந்தது.

"இறங்கிடலாம்… தம்பி, இறங்கிடலாம்."

அவர் பக்கக் கதவு மதிலில் முட்டியது. நகர்ந்த நகர்வில் வண்டி மதிலோரம் ஒண்டியிருந்தது. ஒரு விரற்கடைகூடத் திறக்கவில்லை. என் பக்கம் திறந்தது. நான் இறங்கினேன். அவர் கால்களை மடக்கிப் பக்கத்து சீட்டுக்குத் தாவப் பார்த்தார்.

என் கதவு சாத்திக்கொண்டது. நான் சாத்தவில்லை.

"ம்ம்… ம்ம்…"

கார் கிளம்பியது. அந்தக் குலுக்கலில் அவர் திரும்பத் தன் சீட்டிலேயே விழுந்தார்.

நான் கூடவே நடந்தேன். எப்போதும் நடப்பதுபோல.

உள்ளேயிருந்து அவர் கத்தினார். கண்ணாடிக்குள் வாய் மட்டும் பெரிதாகத் திறந்து மூடியது. பிறகு கேட்டது.

"தட்டு! தட்டுடா தம்பி! தட்டுடா…!"

கையைத் தூக்கினேன். டிக்கியின் மேல் கொண்டுபோனேன். அங்கே காற்று சூடாக இருந்தது. உழைத்த உடம்பின் சூடு. என் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

"ம்ம்… ம்ம்…"

ஒரு வருடமாக நான் கேட்காத சத்தம். தட்டினால் நின்றுவிடும்.

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

சர்ர்ர்ர்ர்…

தெரு வாயில் ஒரு பக்கம் கம்பம், மறுபக்கம் மதில் முனை. கார் லேசாகக் கோணி இரண்டுக்கும் நடுவில் சொருகிக்கொண்டது. டங் என்று ஒரு சத்தம். பிறகு எதுவும் இல்லை. சூடும் இல்லை. சாதாரண மாலைக் காற்று.

6.38.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஓடி வந்தார். மாமாவின் மனைவி ஓடி வந்தார். அவரை நாங்கள் அத்தை என்போம். தெருவே வந்தது. உள்ளே மாமா நெஞ்சு நனைய வியர்த்து, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கக் கதவும் திறக்க வழியில்லை.

"மாமா! பிரேக்கை விடுங்க! நியூட்ரல்ல போடுங்க, தள்ளிடறோம்!"

தலையை ஆட்டினார். மாட்டேன் என்று. இன்னும் இறுக்கினார்.

எட்டுப் பேர் தள்ளினோம். நானும் தள்ளினேன். அசையவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து மெயின் ரோட்டில் காருக்கு நேர் எதிரே நின்றது. அதன் விளக்கு அவர் முகத்தில் நேராக அடித்தது. வந்த ஆள் முன்கண்ணாடியை உடைக்கக் கம்பியை ஓங்கினான். அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, கண்ணாடிய உடைக்காதீங்கப்பா! அவரு திட்டுவாரு! சாவி இருக்கு, அவர்கிட்டயே சாவி இருக்கு… ஏங்க, தொறங்களேங்க!"

அத்தையை விலக்கிவிட்டு உடைப்பதற்குள் மாமாவின் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது. அலாரம் அப்போதுதான் கத்த ஆரம்பித்தது. வெகுநேரம் நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மாரடைப்பு என்றார்கள். மயக்கத்தில் அவரே வண்டியை எடுத்திருப்பார் என்றார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கிரேன் வந்து காரைத் தூக்கிப் போனது. நான் வேலைக்குப் போயிருந்தேன். மாலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி… நம்ம தெருவுல கைக்குழந்தை யார் வீட்டுலயாவது இருக்கா?"

"இல்லண்ணே. ஏன்?"

"விருந்தாளி யாராவது வந்தாங்களா?"

"தெரியல."

"வண்டியைத் தூக்குறப்ப பாத்தேன். டிக்கியில தூசு முழுக்க… முதுகு தேச்ச மாதிரி இருந்துச்சு. அது சரி, யாராவது தள்ளியிருப்பாங்க. நேத்து நாமளே தள்ளுனோமே. ஆனா கீழ, பம்பர்ல…" கையை விரித்துக் காட்டினார். பிறகு மடக்கி, பாதியாக்கி, அதிலும் பாதியாக்கினார். "இத்துனூண்டு கை. வரிசையா. பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அப்படி."

அவர் போன பிறகு விரல் விட்டு எண்ணினேன். நாள் தவறாமல் பிறந்திருந்தால் பத்து மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிற வயதுதான்.

அத்தை மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டுக்கு ஆறு மாதம் முன்பு ஒருவர் குடிவந்தார். பேங்க்கில் வேலை, நல்ல மனிதர். சிவப்புக் கார். பூந்தொட்டிகள் இன்னும் அங்கேயே இருப்பதால் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது.

காலையில் வேலைக்குப் போகும்போது டிக்கியைப் பார்க்கிறேன். முதலில் அந்தச் சின்னக் கைத்தடங்கள் பம்பருக்குச் சற்று மேலே இருந்தன. பிறகு நம்பர் பிளேட்டில். இப்போது நம்பர் பிளேட்டுக்கும் மேலே. கார் இன்னும் பெரிதாக நகரவில்லை. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. அவர் கவனிக்கவில்லை. நான் கைத்தடங்களின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வந்து, வீட்டு வாசல் நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். மூன்று கோடு ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சார், வண்டி இடைஞ்சலா இருக்கா? இங்க எல்லாரும் நியூட்ரல்ல விடணுமாமே. எலக்ட்ரீஷியன் ஏதோ சொன்னாரு."

"அதெல்லாம் அந்தக் காலம் சார்," என்றேன். "நீங்க கியர்லயே விடுங்க."